யானைகள் நீந்தும் தீவுகள்

கல்முனைக்குடிக் கடற்கரையிலே நின்று பார்ப்பவர்க்குத் தீவு எதுவும் தென்படுவதில்லை. நாகூர் நாயகம் அவர்களின் பெயரால் விளங்கும் கடற்கரைப் பள்ளிவாசலின் முன்றிலிலிருந்து கிழக்கே நோக்கினால், வானமும் கடலும் கூடும் கோடு ஒன்றே கண்ணுக்குப் புலப்படும். கரைவலை இழுப்போரின் குரலைக் கேட்டும், தோணிகள் கரை சேர்வதைக் கண்டும் வளர்ந்த எம்மூர்ப் பிள்ளைகள், தீவு என்றவுடன் மாலைதீவையும் அந்தமானையும் புவியியற் புத்தகத்திலே தேடுவார்கள்.

ஆனால், முகத்தை மேற்கே திருப்பி, வயல்களைக் கடந்து, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சென்றால் காட்டின் நடுவே பல தீவுகள் இருக்கின்றன. அங்கே யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு நீந்திச் செல்கின்றன என்று சொன்னால் வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? ஊரிலே பலர் இதனைக் கேள்விப்பட்டிருக்கின்றனர். போய்ப் பார்த்தவர் மிகச் சிலரே. வெளிநாட்டவர் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து காணும் ஒன்றை, அண்டை அயலில் இருப்போர் காணாதிருப்பது உலக வழக்கம் போலும். அந்த வழக்கத்துக்கு நாமும் விலக்கல்லர். இங்கினியாகலைக்கு ஒரு முறை போய்வர வேண்டுமென்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

2023 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளின் பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று அந்த எண்ணம் கைகூடிற்று. எம் இல்லத்தாரும், இரு பிள்ளைகளும், மாமனாரும் உடன் வந்தனர். மாமாவை அழைத்துச் செல்வதே பெரும்பாடாயிற்று. அவர் சம்மாந்துறைக்கு மேற்கே, காட்டோரத்து வட்டையில் ஐந்து ஏக்கர் வயல் செய்பவர். நாற்பது போகங்களுக்கு மேல் பரண் கட்டிக் காவல் இருந்தவர்.

“மருமகன், பயிரத் திண்ட ஆனையப் பார்க்கிறத்துக்கு நான் காசு வேற குடுக்கிறதா? சும்மாவே வீட்டு வாசலுக்கு வருகுதே!” என்று அவர் சொன்னபோது வீட்டார் எல்லாரும் சிரித்தனர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனினும், பேத்தி கையைப் பிடித்து இழுத்ததால் வண்டியில் ஏறினார். இளைய மகளுக்கு எட்டு வயது. மத்ரசாவில் யானைப்படையின் வரலாற்றைக் கூறும் அத்தியாயத்தை மனனம் செய்தவள். யானையை நேரிலே கண்டதில்லை. அவளுடைய ஆவலே அன்றைய பயணத்துக்குத் தலைமை தாங்கிற்று.

வயல்வழிப் பயணம்

சுபஹுத் தொழுகை முடிந்தவுடன் புறப்பட்டோம். சாய்ந்தமருதைக் கடந்து, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவுச் சந்தியிலே மேற்கே திரும்பினால் கடற்காற்று நின்று வயற்காற்று தொடங்குகின்றது. மாவடிப்பள்ளிப் பக்கத்தில் இருபுறமும் நீர் தேங்கிய தாழ்நிலம். கொக்குகளும் நாரைகளும் வெள்ளைத் துணி உலர்த்தியது போல் அமர்ந்திருந்தன. அப்பால் சம்மாந்துறையின் வயல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. பெரும்போகம் அறுவடையாகிச் சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தப்பட்டிருந்த காலம் அது.

மாமா வாய்க்கால் ஒன்றைச் சுட்டிக் காட்டி, “இந்தத் தண்ணி எல்லாம் நாம போற இடத்திலரிந்துதான் வருகுது” என்றார். அப்பொழுதுதான் ஒன்று எமக்கு உறைத்தது. நாம் உண்ணும் சோறு, எம்மூர்க் கடைத்தெருவிலே மூடைமூடையாக ஏறி இறங்கும் நெல், அனைத்தும் அந்தக் காட்டு நீரினால் விளைந்தவை. பார்க்கப் போவது வேற்றூர்க் காட்சியன்று; எம் அடுப்படியின் ஊற்றுக்கண்ணையே.

அம்பாறை நகரைக் கடந்து, கொண்டவட்டுவான் குளத்தின் ஓரமாகச் சென்றால், மேற்கிலே மலைத்தொடர் நீலநிறத்தில் எழுகின்றது. காற்றில் காட்டு வாசனை கலக்கின்றது. வீதியோரத்திலே யானைகளைக் குறித்த எச்சரிக்கைப் பலகைகள் தோன்றுகின்றன. இவ்வாறு இங்கினியாகலையை அடைந்தோம்.

மலைகள் தீவுகளான கதை

கல்லோயா என்று சிங்களத்தில் வழங்கும் ஆற்றைத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்பர். பதுளைப் பக்கத்து மலைகளிலே தோன்றி, 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் கடலொடு கலப்பது. மாரியில் கரை புரண்டு ஊரை அழிப்பதும், கோடையில் வற்றி வயலைக் காய விடுவதும் பழங்காலத்தில் அதன் இயல்பாயிருந்தன.

நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டாகிய 1949 இல், அன்றைய பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. அமெரிக்காவிலே 1933 இல் தோன்றிய டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையே அதற்கு முன்மாதிரி. மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி, இங்கினியாகலையில் இரு குன்றுகளுக்கிடையே மண் அணையை எழுப்பிற்று. அணைக்குப் பின்னால் நீர் ஏறிற்று. தாழ்ந்த காடு மூழ்கிற்று, பள்ளத்தாக்கு மூழ்கிற்று. உயர்ந்த குன்றுகளின் முடிகள் மாத்திரம் நீர்மட்டத்துக்கு மேலே எஞ்சி நின்றன. அவைதாம் இன்று நாம் காணும் தீவுகள்!

ஏறத்தாழ 30 சதுர மைல் பரந்து, 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளத்தக்க இப்பெருங்குளத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர். சமுத்திரம் என்னும் சொல் மிகையன்று. அணையின் மேல் ஏறி நின்றபோது அலை கரையில் மோதும் ஓசை எம்மூர்க் கடற்கரையை நினைவூட்டிற்று. மகள் குனிந்து ஒரு கை நீரை அள்ளிச் சுவைத்துப் பார்த்து, “வாப்பா, உப்பே இல்ல!” என்று வியந்தாள்.

நீர்ப்பிடிப்புக் காட்டைக் காக்கும் பொருட்டு, 1954 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி, குளத்தைச் சூழவுள்ள ஏறத்தாழ 259 சதுர கிலோமீற்றர் நிலம் கல்லோயா தேசியப் பூங்காவாக்கப்பட்டது. காடு அழிந்தால் மண் அரித்து வந்து குளத்தைத் தூர்த்துவிடும். குளம் தூர்ந்தால் வயல் இல்லை. ஆகவே, இக்காடு விலங்குகளுக்காக மட்டும் காக்கப்படுவதன்று, நெல்லுக்காகவும் காக்கப்படுவது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. இந்நிலம் வேடரின் வேட்டைக் காடாயிருந்தது. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலிலே வருணிக்கும் வேடக் குடிகளிற் சில இப்பகுதியைச் சேர்ந்தவை. நீர் ஏறியபோது அம்மக்களிற் பலர் இடம்பெயர்ந்தனர். இன்று பூங்காவின் அயலிலுள்ள இரத்துகலையில் வேடர் வாழ்கின்றனர். குடியேற்றத்தினால் இம்மாவட்டத்தின் மக்கட்டொகை மாறியதையும், 1956 இல் இப்பள்ளத்தாக்கிலே கலவரம் மூண்டதையும் எம் மூத்தோர் மறந்திலர். அது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. யானைகளின் வரலாறும் அதனோடு ஒட்டியதே. காடு வயலானபோது வழி இழந்தவற்றுள் அவையும் அடங்கும்.

படகிலே

வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்திலே நுழைவுச்சீட்டுப் பெற்று, படகுத் துறைக்கு இறங்கினோம். இலங்கையிலே தேசியப் பூங்காக்களைப் பெரும்பாலும் ஜீப் வண்டியிலேறிச் சுற்றிப் பார்ப்பர். இங்கோ படகே வாகனம். தூசியும் இல்லை, வண்டிகளின் நெருக்கடியும் இல்லை. அன்று எம் படகைத் தவிர இன்னும் இரண்டே படகுகள் நீரில் இருந்தன.

படகோட்டி இளைஞர், சிங்களவர். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். மாமாவை “நானா” என்று மரியாதையாக அழைத்துக் கைகொடுத்து ஏற்றினார். மாமா அவரைத் “தம்பி” என்றார். உறவுமுறை இருபுறமும் நிலைபெற்றவுடன் பேச்சு இலகுவாயிற்று. யானைகளைக் காண எக்காலம் நல்லது என்று வினவினோம். பங்குனி முதல் ஆடி வரை என்றார். மாரியிலே நிரம்பிய குளம் அப்பொழுது மெல்லக் குறைந்து வரும். நீர் விலகிய கரைகளிலே இளம்புல் முளைக்கும். அதனை மேய்வதற்கு யானைக் கூட்டங்கள் இறங்கி வரும்.

நீரிலே மூழ்கி இறந்த மரங்கள் எழுபது ஆண்டுகளின் பின்னும் இலையின்றி நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பறவை. நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்தன. வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் அது இந்தப் பெருநீரைக் கடலென்றே கொண்டது போலும். பறவைத் தீவு என்று வழங்கும் சிறு தீவை அணுகியபோது இரைச்சல் காதை அடைத்தது. கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் கிளைக்குக் கிளை நெருங்கியிருந்தன. படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “கிட்ட போனா தாய் பறக்கும். குஞ்சு வெயில்ல சாகும்” என்றார். இந்த ஒரு வசனத்தில் அடங்கிய அறிவு, பல நூல்களைப் படித்தாலும் எளிதிற் கிட்டாது.

கரையோரக் காட்டிலே கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்று மரங்களும் மிகுதியாக உண்டு. திரிபலை என்று நாட்டு வைத்தியர்கள் போற்றும் மருந்துக்குரிய இம்மூன்றும் ஒரே காட்டில் ஓங்கி வளர்வது இப்பகுதியின் தனிச் சிறப்பு. இடையிடையே ஆளுயரப் புல்வெளி. அங்கே கரடியும் சிறுத்தையும் மரையும் புள்ளிமானும் உண்டு. சிறுத்தையைக் காண்பது அரிது. பாறையொன்றின் மேல் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்ததைக் கண்டு, பிள்ளைகள் கைகளைப் படகுக்குள் இழுத்துக்கொண்டனர்.

மதியம் ஒரு பாறைத் தீவின் நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். எம் இல்லத்தார் சோற்றை வாழையிலையிலே பொதிந்து வந்திருந்தனர். பிள்ளைகளின் பிஸ்கட்டுகளோ ஒரு சொப்பிங் பேக்கிலே இருந்தன. அதனை மகள் பிரித்தபோது காற்று வெறும் பையைப் பிடுங்கி நீரிலே எறிந்தது. சிறு விடயம் என்று நாம் வாளாவிருந்தோம். படகோட்டி இருக்கவில்லை. படகை அவிழ்த்துத் துடுப்புப் போட்டு, கால் மைல் தூரம் துரத்திச் சென்று, அதனைத் தூக்கி வந்தார். நனைந்த பையைப் பிழிந்து மடித்துத் தம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லாமையே எமக்குப் பெரிய கடிதலாயிற்று.

நீந்திய தாயும் சேயும்

பிற்பகல் நான்கு மணியளவிலே, இரு தீவுகளுக்கிடையே கறுத்த பொருள்கள் சில மிதப்பதைப் படகோட்டி கண்டார். முதலில் அவை பாறைகள் என்றே எண்ணினோம். பின்னர் ஒரு பாறை மூச்சு விட்டது!

ஏழு யானைகள். உடல் முழுவதும் நீருக்குள். நெற்றியின் மேடும், பாம்பு தலை தூக்கியது போல் உயர்ந்த துதிக்கையின் நுனியுமே வெளியில். வரிசையாக, அவசரமின்றி, அவை நீந்தி வந்தன. இயந்திரம் நிறுத்தப்பட்டது. எவரும் பேசவில்லை. இரண்டு பெரிய யானைகளுக்கு நடுவே ஒரு சிறிய துதிக்கை தோன்றுவதும் மறைவதுமாயிருந்தது. அது கன்று. அது களைத்துத் தாழும்போதெல்லாம் அருகில் வந்த பெரியது தன் உடலைக் கீழே கொடுத்துத் தாங்கிற்று.

யானை இத்துணைப் பெரிய உடலொடு எவ்வாறு மிதக்கின்றது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அதன் பெரிய நுரையீரல் நிறையக் காற்று இருப்பதால் நீர் அதனைத் தாங்குகின்றது; துதிக்கை சுவாசக் குழாயாகின்றது. பிற பாலூட்டிகளிலே நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்கும். யானைக்கோ அவ்விடம் உறுதியான இழையத்தால் நிரம்பியிருக்கின்றது. ஆழத்திலே உடலிருக்க, மேலேயிருந்து மூச்சிழுக்கும்போது நுரையீரலுக்கு ஊறு நேராமைக்கு இவ்வமைப்பு உதவுகின்றது என்பது ஜோன் வெஸ்ட் என்னும் உடலியல் அறிஞரின் கருத்து. 2017 ஆம் ஆண்டு ஜூலை மாதம், கொக்கிளாய்க்கு அப்பால் கரையிலிருந்து வெகு தூரத்திலே கடலில் தத்தளித்த யானையொன்றை இலங்கைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரை சேர்த்த செய்தியை வாசகர்கள் நினைவிற் கொண்டிருப்பார்கள். நீச்சல் அவ்விலங்குக்குப் புதிதன்று.

யானைகள் கரையேறின. கடைசியாகக் கன்று ஏறிற்று. சேற்றிலே சறுக்கி விழுந்தது, மீண்டும் எழுந்தது, மீண்டும் சறுக்கிற்று. தாய் திரும்பி வந்து துதிக்கையால் அதன் பின்புறத்தைத் தள்ளி ஏற்றிவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாம் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் வழக்கு

படகு திரும்பும்போது மாமா தாமாகவே பேசினார்.

“மருமகன், வடிவுதான். நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா ஒண்டு கேக்கிறன். இதப் பார்க்கிறத்துக்கு வாறவன் குடுக்கிற காசு எங்க போகுது? எங்கட வட்டைக்கு ஒரு சல்லி வருகுதா? போன வருஷம் கதிர் பழுத்த நேரம் ஒரு ராவில மூணு ஏக்கர் போச்சு. எங்கட பக்கத்து வயல்காரன் பரணால இறங்கின இடத்தில அடிபட்டு மவுத்தானான். அவன்ட புள்ளைகளுக்கு ஆனை வடிவெண்டு சொல்ல ஏலுமா?”

இக்கேள்விக்கு எம்மிடம் உடனடி விடை இல்லை. படகோட்டியும் தலையை அசைத்தார். அவருடைய தந்தையும் வயல் செய்பவர்தாம். அவர் குடும்பமும் பல இரவுகள் யானைவெடி கொளுத்தியவாறு விழித்திருந்ததுண்டு. படகோட்டும் தொழில் கிடைத்த பின்னரே யானை தம் வீட்டுக்குச் சோறு போடுகின்றது என்றார். வழக்கின் இரு பக்கமும் ஒரே படகில் அமர்ந்திருந்தன.

மாமா சொன்னது ஒரு வட்டையின் துயரமன்று. 2011 இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 400 க்கும் மேற்பட்ட யானைகளும் 150 க்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானைகள் துப்பாக்கிச் சூட்டினாலும், மின்சாரத்தினாலும், உணவுக்குள் வைக்கப்பட்ட வெடிமருந்து வாயிலே வெடிப்பதனாலும் இறக்கின்றன. வாய் சிதைந்த யானை உடனே சாவதில்லை; உண்ண முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் உணவு வேண்டிய உயிருக்கு அதனைவிடக் கொடிய தண்டனை எது?

யானைகளைக் காட்டுக்குள் துரத்தி எல்லையில் மின்வேலி போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்பது பலரின் எண்ணம். அவ்வாறே பல இடங்களில் வேலியும் போடப்பட்டது. ஆனால், வேலியின் இருபுறமும் காடே இருக்கின்றது. இருபுறமும் யானைகள் இருக்கின்றன! நாட்டின் யானைகளிற் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியே வாழ்பவை. கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் வகுத்த தேசியத் திட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. யானையைச் சூழ வேலி போடாமல், ஊரையும் வயலையும் சூழ வேலி போடுக. அதனை அவ்வூர் மக்களே பராமரிக்கட்டும். வயல் வேலியை விதைப்பின்போது நாட்டி, அறுவடையின் பின் கழற்றிவிட்டால், எஞ்சிய தாளை யானை மேய்ந்து போகும் என்பது அதன் சாரம். இவ்வாறு வேலி அமைத்துப் பயன் கண்ட கிராமங்கள் நாட்டிலே உண்டு. மாமா இதனைக் கேட்டு நெடுநேரம் சிந்தித்துவிட்டு, “அது சரிவரும். வேலி எங்கட கையில இருந்தா நாங்க பார்ப்பம்” என்றார். நாற்பது போகம் காவல் இருந்தவரின் சொல் அது.

இயற்கைச் சுற்றுலா என்று இக்காலத்தில் அழகாகப் பேசப்படும் தொழிலுக்கும் இதுவே உரைகல். கலாபகசுத் தீவுகளிலே ஊர்ப்புறத்துக்கு வெளியே செல்லும் பயணி, உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி அடியெடுத்து வைத்தல் கூடாது. எம் கிழக்கிலங்கையிலேயே நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத் தீவு 1963 இல் சரணாலயமாகி 2003 இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே காணச் செல்வோரின் காலடியிலேயே பவளப் பாறைகள் மிதிபட்டு நொறுங்கிய கதையை நாம் அறிவோம். காண வருவோர் தொகை பெருகினால் மட்டும் போதாது. அவர்கள் எவ்வாறு காண்கின்றனர், அவர்கள் தரும் பணத்தில் எவ்வளவு காட்டோரத்து உழவன் கைக்குச் சேர்கின்றது என்னும் இரண்டுமே கேட்கப்பட வேண்டியவை.

திரும்பும் வழியிலே

அஸருக்குப் பின் கரையேறி, திரும்பும்போது தீகவாபிப் பக்கமாகக் கடற்கரையை நோக்கி வந்தோம். அவ்வழியே பள்ளக்காடு என்னும் இடம் உண்டு. பெயரைக் கேட்டவுடன் மாமா, “வண்டிய நிப்பாட்டுங்க, மருமகன். புள்ளைகளும் பார்க்கட்டும்” என்றார்.

கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படும் திறந்த வெளி அது. மாலை வெயிலிலே குப்பைமேடு பல நிறங்களில் மின்னிற்று. அன்று யானை எதுவும் எம் கண்ணிற் படவில்லை. அதன் சுவடே தென்பட்டது. வீதியோரத்தில் உலர்ந்து கிடந்த யானை இலத்தியைக் கோலால் விலக்கிப் பார்த்தோம். புல்லும் நாரும் இருக்க வேண்டிய இடத்தில் பொலித்தீன் துண்டுகள் இருந்தன. சிவப்பு நிறப் பை ஒன்றின் காது அப்படியே தெரிந்தது.

2022 ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கே இரு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளிலே இக்குப்பையை உண்டு மாண்ட யானைகள் ஏறத்தாழ 20 என்று அப்பொழுது செய்தி வெளியாயிற்று. வயிற்றைப் பிளந்து பார்த்த விலங்கு வைத்தியர்கள் கண்டவை பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், பிளாஸ்ரிக்கும், தண்ணீருமே. யானைக்குரிய உணவு எதுவும் வயிற்றில் இல்லை. மேட்டைச் சூழ ஒருகால் மின்வேலி இருந்தது; 2014 இல் இடி விழுந்து பழுதாயிற்று; செப்பனிடப்படவில்லை. வனவிலங்கு வலயங்களிலே இத்தகைய குப்பைமேடுகள் நாடெங்கும் 54 உண்டென்றும், அவற்றைச் சுற்றி 300 யானைகள் வரையில் திரிகின்றன என்றும் அக்காலத்தில் கணக்கிடப்பட்டது.

மகள் குனிந்து அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்தாள். “வாப்பா, இது எங்கட வீட்டுப் பேக்கா?” என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்லவும் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. பெருநாள் இறைச்சி வந்த பை, மீன் வந்த பை, கறிவேப்பிலைக்கென ஒரு தனிப் பை என்று நாளும் எம் வாசலுக்கு வெளியே நாம் வைக்கும் பைகள் எங்கே போகின்றன என்று இதுவரை நாம் கேட்டதில்லை. குப்பை வண்டி வந்து எடுத்துச் சென்றவுடன் எம் கடமை முடிந்தது என்றிருந்தோம். வண்டி போகும் இடத்திலே யானை காத்திருக்கின்றது என்பதை யார் அறிந்தார்? மேற்கிலிருந்து காடு எமக்கு நீரை அனுப்புகின்றது. நாம் கிழக்கிலிருந்து காட்டுக்கு அனுப்புவது இதுவே.

மாமா ஒன்றும் பேசாமல் இலத்தியிலிருந்து அந்தத் துண்டைக் கோலால் பிரித்து எடுத்து, ஒரு கல்லின் கீழ் அழுத்தி வைத்தார். “வயலுக்கு வந்தா வெடி போட்டுத் துரத்திப் போட்டன். அது பசிக்கு வந்தது. இது நாம குடுத்த நஞ்சு” என்றார்.

மகரிபு வேளையிலே கல்முனைக்குடியை அடைந்தோம். கடல் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. அன்று முதல் எம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு பன்பைகள் தொங்குகின்றன. சந்தைக்குப் போகிறவர் அவற்றுள் ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது இளைய மகளின் கட்டளை. மறந்துபோய்க் கைவீசிச் சென்றால் திரும்பி வர வேண்டியதுதான்! பொலித்தீனையும் சோற்று மிச்சத்தையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் வழக்கமும் நின்றது. உப்புச் சுவையும் சோற்று மணமும் ஏறிய பையையே யானை விழுங்குகின்றது என்பதை இப்பொழுது வீட்டார் அறிவர். இரண்டு பன்பைகளால் ஒரு குப்பைமேடு கரைந்துவிடாது. வேலியும் முறையான குப்பை அகற்றலும் பொறுப்பில் உள்ளோர் செய்ய வேண்டியவை. ஆயினும், எம் வீட்டுப் பை எங்கே போகின்றது என்று அறிந்த பின் கேட்காதிருத்தல் இயலாதன்றோ?

வாசக அன்பர்களே, அடுத்த விடுமுறையிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கினியாகலைக்குச் சென்று வாருங்கள். சோற்றை இலையிலே கட்டுங்கள். பறவைத் தீவை நெருங்கும்போது பேச்சைக் குறையுங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் வயல் செய்யும் முதியவர் ஒருவர் இருந்தால், அவரையும் கட்டாயம் படகிலே ஏற்றிச் செல்லுங்கள். யானையைப் பற்றி எமக்குத் தெரியாத பாதிக் கதை அவரிடமே இருக்கின்றது.

மாமாவைக் கேட்டால், இன்னும் அந்தக் கன்றைப் பற்றியே சொல்லுகிறார். மூன்றாம் முறை சறுக்கிய போது தாய் தள்ளிவிட்டதே, அதனை. ஆனால், சிறுபோகம் வந்தவுடன் பரணைப் புதிதாகக் கட்டுவித்தார், காவலுக்கும் போனார். இரண்டும் பொய்யல்ல.